ஆன்லைன் ஏலம்: டெல்டாக்காரர் எதை எங்கே விற்கலாம், எங்கே வாங்கலாம்?

ஆன்லைன் ஏலம் என்றதும் பலர் வாயில் முதலில் வருகிற பெயர் ஈபே. அந்த ஈபேயின் இந்தியத் தளம் 2018 ஆகஸ்ட் 14-ஆம் தேதியே மூடப்பட்டுவிட்டது. 2004-ல் பாஸி டாட் காம் என்ற இந்திய ஏலத் தளத்தை விலைக்கு வாங்கி உள்ளே வந்த நிறுவனம், 2017-ல் இந்தியக் கடையை ஃபிளிப்கார்ட்டிடம் ஒப்படைத்தது. அடுத்த ஆண்டே கதை முடிந்தது. அதன் பிறகு எல்லாப் பொருளுக்கும் பொதுவான ஏலக்கடை என்று சொல்லிக்கொள்ள நம்மிடம் ஒன்றும் இல்லை. பழைய காசுக்கு ஒரு இடம், ஜப்தி டிராக்டருக்கு ஒரு இடம், வங்கி விற்கும் வீட்டுக்கு ஒரு இடம் என்று பிரிந்து கிடக்கிறது. அதனால் "எந்தத் தளம் சார் நல்லது?" என்று மொட்டையாகக் கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. என்ன பொருள், விற்கப் போகிறீர்களா வாங்கப் போகிறீர்களா என்று சொன்னால் சொல்லலாம்.

என் கணக்கு இதுதான். விற்பவருக்கு ஏலம் கேட்பவர்கள் தூரத்திலிருந்து வர வேண்டும். வாங்குபவருக்குப் பொருள் பக்கத்தில் இருக்க வேண்டும். கும்பகோணத்துப் பரணில் கிடக்கும் ஒரு காசின் அருமை பெங்களூரில் இருக்கும் சேகரிப்பாளருக்குத் தெரியும், பக்கத்துத் தெரு பழைய பாத்திரக் கடைக்காரருக்குத் தெரியாது. ஆனால் நாக்பூரில் நிற்கும் டிராக்டரை மன்னார்குடியில் உட்கார்ந்துகொண்டு படத்தைப் பார்த்துக் கேட்பவருக்கு நஷ்டம் காத்திருக்கிறது. ஒவ்வொரு தளத்தையும் இந்தக் கணக்கில் வைத்துப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

பரணில் இருப்பவை

டெல்டாவில் பழைய வீடு பிரிக்கும்போது ஏதாவது கிடைக்கத்தான் செய்யும். விக்டோரியா ராணி ரூபாய், நாயக்கர் காலச் செப்புக் காசு, தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் வெளியிட்ட சின்னக் காசு. டேனிஷ்காரர்கள் 1620-லிருந்து 1845 வரை அங்கே இருந்தார்கள். அவர்கள் காசு இன்னும் மயிலாடுதுறைப் பக்கத்து வீடுகளில் தலைகாட்டுகிறது. இதற்கு நல்ல விலை கொடுக்கக்கூடியவர்கள் டென்மார்க்கிலேயே இருப்பார்கள், ஈபேயில் போட்டால் என்ன என்று தோன்றும். இந்தியாவிலிருந்து வெளிநாட்டுக்கு விற்பவர்களுக்கு ஈபே இன்றும் திறந்துதான் இருக்கிறது.

போடக் கூடாது. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைக் கருவூலச் சட்டப்படி நூறு ஆண்டு தாண்டிய காசு, சிலை, ஓவியம் எல்லாம் தொல்பொருள். கையெழுத்துச் சுவடிக்கு 75 ஆண்டு போதும். தனியார் யாரும் அவற்றை நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது. அனுப்பினால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, அபராதமும் உண்டு. உள்நாட்டில் விற்பதிலும் வேறுபாடு இருக்கிறது. காசை வைத்திருப்பதற்குப் பதிவு தேவையில்லை. உலோகச் சிலை, கற்சிலை, பழைய தஞ்சாவூர் ஓவியம் போன்றவற்றைத் தொல்லியல் துறையின் பதிவு அலுவலரிடம் பதிவு செய்திருக்க வேண்டும். மண்ணைத் தோண்டும்போது கிடைத்தது என்றால் விஷயமே வேறு: 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் கலெக்டருக்குத் தெரிவித்தாக வேண்டும். பத்து ரூபாய் என்பது அந்தக் காலத்துக் கணக்கு, ஆனாலும் சட்டம் சட்டம்தான். திருடி விற்கப்பட்ட பத்தூர் நடராஜர் லண்டன் நீதிமன்றம் வரை போய் 1991-ல் திரும்பி வந்தவர். ஸ்ரீபுரந்தான் நடராஜர் ஆஸ்திரேலியாவிலிருந்து 2014-ல் வந்தார். இந்த ஊர்களுக்கு நடுவே வாழ்ந்துகொண்டு சிலை விஷயத்தில் அசட்டுத் துணிச்சல் வேண்டாம்.

அப்படியானால் பழைய காசை எங்கே விற்பது? மும்பையின் டோடிவாலா, பெங்களூரின் மருதர் ஆர்ட்ஸ் போன்ற நாணய ஏல நிறுவனங்கள்தான் சரியான இடம். காசை அவர்கள் வாங்கிப் பார்த்து, படம் எடுத்து, மதிப்பு போட்டு, பட்டியலில் சேர்த்து ஏலம் விடுவார்கள். அரங்கில் கேட்பவர்களோடு இணையத்தில் கேட்பவர்களும் போட்டி போடுவார்கள். நூறு ஆண்டு தாண்டிய காசை ஏற்றுமதி செய்யக் கூடாது என்பதைப் பட்டியலிலேயே குறித்துவிடுவார்கள். இதில் குறை என்னவென்றால் பொறுமை வேண்டும். காசு கொடுத்து, ஏலம் நடந்து, பணம் கைக்கு வர மாதங்கள் ஆகும். விற்பவரிடம் கமிஷன் பிடிப்பார்கள்; வாங்குபவர் தலையிலும் கேட்ட விலைக்கு மேல் ஒரு சதவீதமும் அதற்கு ஜிஎஸ்டியும் ஏறும். வாங்கப் போகிறவர் இதை மறந்துவிட்டு 10,000 வரை போகலாம் என்று உட்கார்ந்தால், பில் வரும்போது முகம் மாறிவிடும். சாதாரணக் காசுகளை இவர்கள் எடுத்துக்கொள்ளவும் மாட்டார்கள்.

ஒரு விஷயம். விற்பதற்கு முன்னால் பளபளப்பாக இருக்கட்டும் என்று காசைப் புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். குத்துவிளக்குக்குச் செய்வதைக் காசுக்கும் செய்யும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. செம்பின் மேல் படிந்திருக்கும் அந்தக் கருமைதான் காசின் வயதுக்குச் சாட்சி. புளி அதை அரித்து, எழுத்தின் விளிம்பையும் மழுங்கடித்துவிடும். தேய்த்த காசைச் சேகரிப்பாளர் கையில் எடுத்ததுமே கண்டுபிடித்துவிடுவார், விலை பாதிக்கும் கீழே இறங்கும்.

ஈபே எதற்குத்தான் ஆகும் என்றால், நூறு ஆண்டு ஆகாத, கனமில்லாத, வெளிநாட்டில் ஆள் இருக்கிற பொருட்களுக்கு. 1950, 60-களின் சினிமா பாட்டுப் புத்தகம், தீப்பெட்டி லேபிள், இசைத்தட்டு. சிவகாசி லேபிளுக்கு ஐரோப்பாவில் சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள் என்றால் நம் வீட்டில் சிரிப்பார்கள், ஆனால் இருக்கிறார்கள். விற்ற விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் தளத்துக்குப் போய்விடும். பணம் டாலரில் வந்து மாறும்போது கொஞ்சம் கரையும். தொடர்ந்து ஏற்றுமதி செய்ய ஐஇசி எண், அதாவது ஏற்றுமதி இறக்குமதிக்கான அரசுப் பதிவு எண், எடுக்க வேண்டும். 2025 ஆகஸ்டில் 800 டாலர் வரைக்கும் இருந்த வரிவிலக்கை அமெரிக்கா எடுத்துவிட்டதால், சின்னப் பார்சலுக்குக்கூட அங்கே வரிக் கணக்கு வந்துவிட்டது. முன்பு 15 டாலர் பொருளை அனுப்புவது லாபம், இப்போது யோசிக்க வேண்டும். சுவாமிமலையில் வார்த்த புதுச் சிலையை அனுப்புபவர்களுக்கு, அது தொல்பொருள் இல்லை என்று தொல்லியல் துறையிடம் சான்று வாங்கும் வேலையும் உண்டு. அவர்களுக்கு ஏலமே பொருந்தாது என்பது என் எண்ணம். கூலியும் உலோக விலையும் தெரிந்த பொருளை நிர்ணய விலைக்கு விற்பதுதான் நியாயம். ஏலத்தில் விட்டால் யாரோ ஒருவர் அடிமாட்டு விலைக்குத் தட்டிக்கொண்டு போவார்.

விலை குறைந்த காசு, தபால்தலைக்கெல்லாம் வாட்ஸ்அப், ஃபேஸ்புக் குழு ஏலம் போதும். படத்தைப் போட்டு, ஆரம்ப விலை சொல்லி, இரவு 9 மணிக்கு முடியும் என்று அறிவிப்பார்கள். கமிஷன் இல்லை, பணமும் உடனே வந்துவிடும். தன் ஆளையே விட்டு விலையை ஏற்றுவதும் இங்கேதான் சர்வ சாதாரணம். குழுவின் அட்மின் கறாரான ஆளா என்று சில நாள் வேடிக்கை பார்த்துவிட்டு இறங்குங்கள்.

இதோடு ஒட்டிய மோசடி ஒன்றையும் சொல்லியாக வேண்டும். டிராக்டர் படம் போட்ட பழைய 5 ரூபாய் நோட்டு லட்சக்கணக்கில் விலை போகிறது என்ற வீடியோவைப் பார்க்காதவர் நம் பக்கம் இல்லை. நம்பிப் போனால் "கமிஷன் கட்டுங்கள், வரி கட்டுங்கள், ரிசர்வ் வங்கி சான்று வேண்டும்" என்று கேட்டுக் கேட்டுப் பணத்தைக் கறப்பார்கள். 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே இதைப் பற்றி எச்சரிக்கை வெளியிட்டது: பழைய நோட்டு, காசு வாங்கி விற்பதில் தனக்கு எந்தத் தொடர்பும் இல்லை, யாரையும் கட்டணம் வசூலிக்கச் சொல்லவும் இல்லை என்று. விற்பவரிடம் முன்பணம் கேட்கும் எந்த ஏலமும் ஏலமே இல்லை.

டிராக்டரும் கழிவு இரும்பும்

பழைய டிராக்டருக்கு ஓஎல்எக்ஸ், ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ் ஒரு பக்கம். ஃபைனான்ஸ் நிறுவனங்கள் ஜப்தி செய்த வண்டிகளை ஏலம் விடும் ஸ்ரீராம் ஆட்டோமால் போன்ற இடங்கள் இன்னொரு பக்கம். முதல் வகையில் ஏலம் என்று ஒன்றும் நடப்பதில்லை, பேரம்தான். உரிமையாளர் நேரில் இருப்பார், வண்டியை ஓட்டிப் பார்க்கலாம், என்ன வேலை செய்தது என்று கேட்கலாம். ஆட்டோமாலில் டெபாசிட் கட்டிப் பதிவு செய்த பிறகுதான் கேட்க முடியும். யார்டில் நிற்பவரும் ஆன்லைனில் இருப்பவரும் ஒரே வண்டிக்குப் போட்டி. விலை கொஞ்சம் கீழே கிடைக்கலாம். ஆனால் இருக்கிறபடிதான் விற்பனை. எடுத்த பிறகு கோளாறு என்று போய் நிற்க முடியாது.

நம் பக்கத்து டிராக்டருக்கு ஒரு தனி நோய் உண்டு. கேஜ் வீல் என்ற இரும்புக் கூண்டுச் சக்கரம் மாட்டிச் சேற்றுழவு செய்த வண்டிக்குள் தண்ணீர் போயிருக்கும். நீடாமங்கலம் பக்கம் ஒரு யார்டில் நடந்த பேச்சு: "சித்தப்பா, பெயிண்டு புதுசு, டயர் எழுபது சதவீதம் இருக்கு, கேட்டுடலாமா?" "பெயிண்ட அப்புறம் பாருடா. கியர் ஆயில் குச்சிய உருவு." உருவிய குச்சியின் நுனியில் எண்ணெய் தேன் நிறத்தில் இல்லை, கலங்கி வெளுத்து, விரலில் தொட்டால் நுரை மாதிரி ஒட்டியது. கியர் பெட்டிக்குள் தண்ணீர் கலந்துவிட்டது என்று அர்த்தம். பேரிங், சீல் எல்லாம் மாற்ற வேண்டியிருக்கும். ஆன்லைனில் போடும் எட்டுப் படத்தில் ஒரு படமாவது இந்தக் குச்சியைக் காட்டுமா? காட்டாது. அதனால்தான் டிராக்டரை ஒரு பகல் பயண தூரத்துக்குள் இருக்கும் யார்டில் மட்டும் கேட்கச் சொல்கிறேன். மெக்கானிக்குக்குக் கொடுக்கும் கூலியைச் செலவு என்று நினைக்க வேண்டாம்.

காகிதத்தில் பார்க்க வேண்டியது: ஜப்தி வண்டி என்றால் ஃபைனான்ஸ் நிறுவனம் படிவம் 36 கொடுத்து ஆர்சியைத் தன் பெயருக்கு வாங்கியிருக்கிறதா, அல்லது பழைய உரிமையாளர் பெயரிலேயே கிடக்கிறதா என்பது. பழைய பெயரிலேயே இருந்தால், அவர் கையெழுத்துக்கு அலைவது யார் என்று ஏலத்துக்கு முன்பே எழுத்தில் கேளுங்கள். மேட்டூர் திறக்கும் ஜூன் 12-ஐ ஒட்டி எல்லோருக்கும் வண்டி தேவைப்படும். அவசரம் இல்லாதவர் சம்பா அறுவடை முடிந்ததும் தேடுவது நல்லது.

கழிவு இரும்பு வியாபாரத்தில் இருப்பவர்களுக்கு மத்திய அரசு நிறுவனமான எம்எஸ்டிசியின் ஏலத் தளமும் ரயில்வேயின் ஐஆர்இபிஎஸ் தளமும் தெரிந்திருக்கும். பொதுத்துறைக் கழிவு பெரும்பாலும் முன்னதில், பொன்மலைப் பணிமனை மாதிரி ரயில்வே கழிவு பின்னதில். நேர்மையான ஏலம்தான், ஆனால் லாட் என்கிற ஒவ்வொரு குவியலும் டன் கணக்கில், குறித்த நாளுக்குள் அள்ளவில்லையென்றால் தரை வாடகை. எம்எஸ்டிசியில் அதிக விலை கேட்டவருக்கே உடனே கிடைத்துவிடும் என்றும் இல்லை. விற்கும் நிறுவனம் ஒப்புக்கொண்டால்தான் முடிவாகும் லாட்டுகள் நிறைய. லாரியும் முதலும் இல்லாதவர் எட்டிப் பார்க்க வேண்டாம்.

வங்கி ஏலத்தில் வீடு

டெல்டாவில் ஆன்லைன் ஏலம் என்றாலே இப்போது பலர் நினைப்பது இதைத்தான். கடன் கட்டாதவர் அடமானச் சொத்தை 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி வங்கி எடுத்து விற்கிறது. பொதுத்துறை வங்கிகளின் அறிவிப்புகள் பாங்க்நெட் தளத்தில் ஒரே இடத்தில் கிடைக்கும். 2025 ஜனவரியில் வந்த இந்தத் தளம், பழைய ஐபாப்பி, இ-பிக்ரே தளங்களின் வேலையை ஒன்றாகச் செய்கிறது. மாவட்ட வாரியாகத் தேடலாம், டெபாசிட்டையும் அங்கேயே கட்டலாம். தனியார் வங்கிகளும் வீட்டுக்கடன் நிறுவனங்களும் வேறு வேறு ஏல நிறுவனத் தளங்களில் விடுகிறார்கள். கும்பகோணத்தையே தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் வங்கியும் தனியார் வங்கிதான் என்பதால், பாங்க்நெட்டை மட்டும் பார்த்துவிட்டு நம் ஊரில் ஒன்றும் இல்லை என்று முடிவுகட்ட முடியாது. பேப்பரில் வரும் ஏல அறிவிப்பையும் பாருங்கள். சொத்து இருக்கும் வட்டாரத்தில் தமிழ்ப் பேப்பரில் போட வேண்டும் என்பது விதி.

வசதியில் பாங்க்நெட் முன்னால் நிற்கிறது. ஆனால் தளம் எதுவானாலும் பணக் கெடு ஒன்றே. ஒரு கணக்கு போடுவோம். குறைந்தபட்ச விலை 30 லட்சம். டெபாசிட் வழக்கமாகப் பத்து சதவீதம், 3 லட்சம் கட்டிவிட்டீர்கள். 32 லட்சத்துக்கு உங்களுக்கே விழுந்தது. அன்றைக்கே அல்லது அடுத்த வேலை நாளுக்குள் 25 சதவீதம், அதாவது 8 லட்சம் நிறைவாக வேண்டும். கையில் இன்னும் 5 லட்சம் தயாராக இருக்க வேண்டும். விற்பனை உறுதியானதிலிருந்து 15 நாளுக்குள் மீதி 24 லட்சம். எழுத்து மூலம் ஒப்புக்கொண்டால் நீட்டிக்கலாம், அதுவும் 3 மாதத்தைத் தாண்டாது. கட்ட முடியாமல் போனால் கட்டியதெல்லாம் போய்விடும். முழு 25 சதவீதத்தையும் வங்கி எடுத்துக்கொள்ளலாம் என்று தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் 2024-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஏலச்சீட்டு மாதிரி தள்ளி எடுத்துவிட்டு அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்ற நினைப்பு இங்கே செல்லாது. வீட்டுக்கடனை நம்பி எடுப்பவர், ஏலத்துக்கு முன்பே கடன் கொடுக்கும் வங்கியிடம் பேசி முடித்திருக்க வேண்டும்.

அறிவிப்பில் விலைக்கு முன் படிக்க வேண்டிய வரி ஒன்று இருக்கிறது: சுவாதீனம் எப்படிப்பட்டது, அதாவது சொத்து யார் கைவசம் இருக்கிறது என்பது. அடையாளச் சுவாதீனம் என்று போட்டிருந்தால், வங்கி சுவரில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது, உள்ளே ஆள் குடியிருக்கிறார்கள். அவர்களை வெளியேற்றும் வேலை மாவட்ட ஆட்சியர் உத்தரவு, கடன் வசூல் தீர்ப்பாயம் என்று இழுக்கும். நேரடிச் சுவாதீனம் என்றால் சாவி வங்கியிடம். முதலாவதற்கு விலை குறைவாக இருப்பதைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். அந்தக் குறைவு நீங்கள் அலையப் போகும் அலைச்சலின் விலை.

அப்புறம், தரை யாருடையது? கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர் மாதிரி கோயில் ஊர்களில் வீடு ஒருவருடையது, அடிமனை கோயிலுக்கோ மடத்துக்கோ சொந்தமானது என்பது சகஜம். வங்கி "உள்ளது உள்ளபடி" விற்கிறது. பிறகு அறநிலையத் துறையிலிருந்து மனை வாடகை நோட்டீஸ் வந்தால் அது உங்கள் பாடு. வில்லங்கச் சான்றைப் பதிவுத் துறைத் தளத்தில் 30 ஆண்டுக்குப் போடுங்கள், பட்டாவைத் தனியாகப் பாருங்கள், எதிர்வீட்டுப் பெரியவரிடம் ஒரு டீ குடித்துக்கொண்டே விசாரியுங்கள். மூன்றாவதில்தான் பெரும்பாலும் உண்மை வெளிவரும். நன்செய் நிலம் ஏலத்துக்கு வந்திருந்தால் இரண்டு மடங்கு எச்சரிக்கை தேவை: விவசாய நிலத்தின் மேலுள்ள அடமானத்துக்குச் சர்ஃபேசி சட்டம் பொருந்தாது என்று அதன் 31-ஆவது பிரிவே சொல்கிறது. மனை என்று காகிதத்தில் இருந்து, களத்தில் நெல் விளைந்தால், கடன்காரர் வழக்குப் போட வாசல் திறந்தே இருக்கிறது.

ஏலம் முடியும் விதமும் ஈபே மாதிரி கிடையாது. ஈபேயில் குறித்த நொடியில் முடிந்துவிடும்; அதனால் கடைசி நொடியில் கேட்பது ஒரு தந்திரம். வங்கி ஏலத்தில் கடைசி நிமிடங்களில் யாராவது கேட்டால் நேரம் நீளும், மறுபடி கேட்டால் மறுபடி நீளும். "ஒருதரம், ரெண்டுதரம்" சொல்ல ஆள் இல்லாததால், வீட்டுக்குள் தனியாக உட்கார்ந்திருப்பவருக்குச் சூடு ஏறிவிடுகிறது. உச்ச விலையைத் தாளில் எழுதி, வீட்டம்மாவிடம் கொடுத்துப் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள்.

பருத்தி, கொப்பரை

டெல்டாவில் நெல்லுக்குப் பெரும்பாலும் ஏலப் பேச்சே இல்லை, கொள்முதல் நிலையத்தில் நிர்ணய விலை. கோடைப் பருத்திக்கும் கொப்பரைக்கும் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தின் மறைமுக ஏலம், அதாவது ஒருவர் கேட்கும் விலை மற்றவருக்குத் தெரியாத ஏலம், பல காலமாக நடக்கிறது. 2016 ஏப்ரல் 14-ல் தொடங்கிய இ-நாம் என்ற தேசிய வேளாண் சந்தைத் தளம் அதை இணையத்தோடு இணைத்தது. எங்கோ இருக்கும் மில்காரரும் நம் கொட்டையூர்க் கூடத்துப் பருத்தியைக் கேட்கலாம் என்பது நோக்கம். நடைமுறையில் கேட்பவர்கள் பெரும்பாலும் கூடத்துக்கு வந்து பஞ்சைக் கிள்ளிப் பார்க்கும் அதே வியாபாரிகள்தான். ஈரப்பதத்தையும் இழையையும் திரையில் நம்பி வாங்க வெளியூர்க்காரர் தயங்குகிறார். அவர் இடத்தில் இருந்தால் நானும் தயங்குவேன்.

ஆனாலும் வாசலில் வந்து எடை போடும் தரகரைவிடக் கூடமே மேல். எடை சரியாக இருக்கும், பணம் வங்கிக் கணக்குக்கு வரும், சந்தைக் கட்டணத்தைக் கட்டுவது வியாபாரி. ஏலத்தில் விழுந்த விலை பிடிக்கவில்லை என்றால் விவசாயி மறுத்துவிடலாம். மூட்டையைத் திருப்பி ஏற்றி வருவதற்குப் பதில், கூடத்துக் கிடங்கில் வைத்து, அதையே ஈடாகக் காட்டிப் பொருளீட்டுக் கடன் வாங்கிக்கொண்டு அடுத்த ஏலத்துக்குக் காத்திருக்கவும் முடியும். பருத்தியைக் கொண்டுபோவதற்கு முன் கிடங்கில் இடம் இருக்கிறதா என்று கண்காணிப்பாளரிடம் போனில் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனி, ஆடியில் சீக்கிரம் நிரம்பிவிடும்.